மூலை உருட்டும் முன்னேற்றம்

மாத்தளையில் மிளகு வாங்கி விற்கும் நண்பருக்குக் கணக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறான் என் மருமகன். "மாமா, புதுக் கொன்ட்ரோல் எல்லாம் வந்திருக்கு, வந்து பாருங்க" என்றான்.

பார்த்தேன். பட்டன். 1991இல் விஷுவல் பேசிக்கில் மவுஸால் இழுத்துப் போட்ட அதே பட்டன். மூலை மட்டும் உருண்டிருந்தது.

முன்னேற்றம்தான். 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி மூலையை உருட்டியது. 2012இல் விண்டோஸ் 8 அதைச் சதுரமாக வெட்டியது. 2021இல் விண்டோஸ் 11 மறுபடி உருட்டியது. மாசி மகத்துக்கு நம் முத்துமாரியம்மன் தேர்களும் இப்படித்தான் ஊர் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வருகின்றன. என்ன, அவற்றில் அம்மன் இருக்கிறாள்.

தமிழுக்கு மாற்றிப் பார்த்தோம். 'கேன்சல்' கச்சிதமாக அடங்கிய பெட்டியில் 'இரத்துச் செய்க' அடங்கவில்லை, 'இரத்...' என்று நின்றது. நண்பர் பதறிப்போனார்: "தம்பி, இதை அமத்தினா ரத்தம் எதுவும் வருமா?"

எழுத்தை அளந்து தானாக விரியும் பட்டனைச் செய்யும் வழி எப்போதோ வந்துவிட்டது. ஆனால் ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைத்தான் இன்னும் தமிழுக்கு மாட்டுகிறார்கள்.

"அடுத்த திட்டம் என்னடா?"

"டார்க் மோட், மாமா."

பக்கத்து அலுவிகாரையில் கிறிஸ்துவுக்கு முன்பே பிக்குகள் திரிபிடகத்தை ஏட்டில் எழுதினார்களாம். ஓலை போதாவிட்டால் அடுத்த ஓலையை எடுத்திருப்பார்கள். மூன்று புள்ளி வைத்துவிட்டு எழுந்து போயிருக்க மாட்டார்கள்.