க்ஷித்விக்கும் நாலு குழந்தைவேலும்

வாங்க மாப்பிள்ளை, திண்ணையில உக்காருங்க. அம்மிணி, நீ போயி அவருக்கு ஒரு சொம்பு மோரு கொண்டா. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போனை நோண்டிக்கிட்டு, "எக்ஸா, கே எஸ் எச்சா"ன்னு நீங்க ரெண்டு பேரும் மல்லுக்கட்டுனது எனக்குக் கேட்டுச்சுங்க. என்னமோ சொத்துத் தகராறுன்னு பதறி எந்திரிச்சேன். காலையில விசாரிச்சாத்தான் தெரியுது, என்ற கொள்ளுப்பேரனுக்குப் பேரு "க்ஷித்விக்"காமே.

நெம்ப நல்ல பேருங்க. அஞ்சு தடவை சொல்லிப் பாத்தேன். மூணு தடவை தும்மல் வந்துச்சு, ரெண்டு தடவை பல்செட்டு நகுந்துச்சு. அர்த்தம் என்னன்னு கேட்டா, "சூரியனோட புன்னகை, போன்ல போட்டிருக்குது அப்புச்சி"ங்கறா உங்க ஊட்டுக்காரி. இருக்கும். சித்திரை வெயில்ல அறுபது வருசம் காட்டுல நின்னவன் நான். சூரியன் சிரிச்சு ஒருநாளும் பாத்ததில்லை.

பையன் திருவாதிரை. அதுக்குக் கு, க, ங, ச-ன்னு பஞ்சாங்கத்துல போட்டிருக்குது. 'க்ஷ'வும் 'க'வோட பங்காளிதான்னு ஜோசியரையே மடக்கிப்போட்டீங்களாமே, கெட்டிக்காரர்தான். ஆனா யாருக்கும் இல்லாத பேருதான் வேணும்னா 'ங'வை ஏனுங்க விட்டீங்க? 'ங'வுல பேரு வெச்சவன் இந்தத் தாலுக்காவுலயே ஒருத்தன் கெடையாது. வரிசையில முன்னால நிக்கறதென்னமோ 'கு'தான். 'கு'வுல எனக்குத் தெரிஞ்ச பேரு ஒண்ணு இருக்குது. அதை என்ற வாயால நான் சொல்லக் கூடாது.

நியூமராலஜிக்காரர்கிட்டயும் போய்ட்டு வந்தீங்களாம். கே எஸ் எச் ஐ டி எச் வி ஐ கே, கூட்டுனா 29, ஆகாதுன்னாராம். கடைசி கே-க்கு முன்னால ஒரு சி செருகுனா 32, ராஜயோகம்னாராம். ஒரு எழுத்துல ராஜயோகம் வருதுன்னா எதுக்குங்க கஞ்சத்தனம்? இன்னும் நாலு எச், ரெண்டு ஏ அள்ளிப் போடுங்க, எழுத்துக்கு வரியா போடறாங்க? நானும் அவருகிட்டப் போயி என்ற பேரைக் கூட்டச் சொன்னேன். கே யு எல் ஏ என் டி ஏ ஐ வி இ எல், 37 வந்துச்சு. நல்ல எண்ணுன்னு அவரே தலையாட்டுனாரு. கடைசியில ஒரு யு சேர்த்தா 43, சுத்தமா ஆகாதாம். அந்த யு என்ற ரேஷன் கார்டுல இருக்குது. சர்க்கரை ஏன் ஒழுங்கா கெடைக்கறதில்லைன்னு இப்பத்தான் புரியுது. இந்தக் கணக்குல ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும்தான் எழுத்துகளுக்குப் பங்கு பிரிச்சிருக்குதுங்க. ஒன்பதை ஒரு எழுத்துக்கும் குடுக்கலை. அது யாரோட பங்குன்னு கேட்டேன், அவரு பீஸை எண்ண ஆரம்பிச்சுட்டாரு.

ஜெயலலிதா அம்மா 2001-ல இங்கிலீசுல தன் பேருக்குக் கடைசியில ஒரு ஏ சேர்த்தாங்க. தமிழ்ல ஒரு புள்ளி மாறலை, செவுத்துல எழுதறவனுக்கு வேலையும் எச்சாகலை. நம்ம கோயமுத்தூரு கதை தெரியுமுங்களா? 2020 ஜூன்ல, தமிழ்ல சொல்ற மாதிரியே இங்கிலீசுல எழுதோணும்னு 1018 ஊருகளுக்கு அரசாணை வெளிய வந்துச்சு. பத்து எழுத்துல கெடந்த நம்மூரு கே-யில ஆரம்பிச்சு, ரெண்டு டி எச்சும் கடைசியில ஜோடி ஓவும் வாங்கிப் பதினாலு எழுத்தாச்சு. படிச்சவங்க சிரிச்சாங்க, படிக்காத நாங்களும் சேர்ந்து சிரிச்சோம். அதே மாசத்துல ஆணையைத் திரும்ப வாங்கிட்டாங்க. அரசாங்கம்னா திரும்ப வாங்கிக்கலாமுங்க. உங்க பையன் எங்க போயி வாங்கறது?

என்ற கதையைக் கேளுங்க. குழந்தைவேலுங்கறது முருகன் பேரு, எங்கப்பன் பழனிக்கு நடந்து போயி வெச்ச பேரு. பேங்குல 'ழ'வுக்கு ஒத்தை எல். ஆதார்ல ஒரு தமிழ்ப் பற்றுக்காரப் பையன் இசட் எச் போட்டான். வடக்கத்தி ஆபீசர் ஒருத்தரு அதைப் பாத்து "குஸ்ஹந்தை"ன்னு கூப்புட்டாரு, யாரையோ கூப்புடறாருன்னு நான் சும்மா உக்காந்துட்டேன். வோட்டர் கார்டுல நான் சொன்னது காதுல விழுந்தபடிக்கே "கொழந்தை". ரேஷன் கார்டைத்தான் மொதல்லயே சொல்லிப்போட்டேன். பயிர்க்கடனுக்குப் போனா, கவுண்டர்ல இருந்த அம்மிணி நாலையும் பரப்பி வெச்சு, "ஐயா, இவங்க நாலு பேரும் யாரு?"ன்னு கேட்டுச்சு. அண்ணன் தம்பிங்கன்னு சொல்லியிருந்தா நாலு கடன் கெடைச்சிருக்குமோ என்னமோ. கடைசியில நோட்டரிகிட்டப் போயி, எழுபத்தெட்டு வயசுல "குழந்தை நான்தான்"னு முத்திரைத்தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்.

உங்க பையனுக்கு அந்தக் கஷ்டம் வராது. போன்ல பேரு கேட்டா, "கே பார் கேரளா, எஸ் பார் சேலம், எச் பார் ஹோசூர், டி பார் திருச்சி, வி பார் வேலூர்"னு சொல்லிக்கிட்டே போவான். வாங்குன பிரியாணி ஆறுனாலும் பூகோளம் படிச்ச மாதிரி ஆச்சு. அந்த டி-க்குப் பக்கத்துல இருக்கற எச்சையும் பாத்துக்கோங்க. நம்மூரு கீதாவுக்கு எச் உண்டு, வடக்கத்தி கீதாவுக்குக் கெடையாது. தமிழ்ல எழுதறதுன்னா கம்பரைக் கேளுங்க. விபீஷணன் வந்தப்ப 'ஷ'வை வாசல்லயே கழட்டி வெக்கச் சொல்லி, வீடணனாத்தான் உள்ள விட்டாரு. லட்சுமணன் இலக்குவனானான். ரெண்டு பேருமே கோவிச்சுக்கலை. அந்தக் கணக்குல உங்க பையன் "சித்துவிக்கன்". விக்கல் எடுத்தவனாட்டம் இருக்குது, உட்ருங்க.

சிரிக்காதீங்க, இதை மட்டும் காதுல போட்டுக்கோங்க. பொறந்து 21 நாளைக்குள்ள பதியோணும், ஆனா பேரு இல்லாமயே பதியலாமுங்க. பேரை ஒரு வருசத்துக்குள்ள காசில்லாமச் சேர்த்துக்கலாம், அப்புறமேட்டுக்குக் கட்டணம் கட்டிப் பதினஞ்சு வருசம் வரைக்கும் சேர்க்கலாம். ஒருக்கா ஏத்திட்டா அப்புறம் மனசு மாறுச்சுன்னு மாத்த முடியாது, கெஜட்டுக்குத்தான் அலையோணும். 2023 அக்டோபர்ல இருந்து பொறந்த புள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துல இருந்து பாஸ்போர்ட் வரைக்கும் அந்த ஒத்தைக் காகிதம்தான் பொறந்த தேதிக்குச் சாட்சி. அதனால ராத்திரி சண்டை போடாதீங்க, பகல்ல நிதானமாப் போடுங்க. எக்ஸோ, கே எஸ் எச்சோ, எதுல நிக்கறீங்களோ எல்லாக் காகிதத்துலயும் அதுலயே நில்லுங்க.

அதுவரைக்கும் தொட்டில்ல கெடக்கறவனை நான் "சாமி"ன்னு கூப்புட்டுக்கறேன். 'ச'வுல ஆரம்பிக்குது, திருவாதிரைக்கும் பொருந்துது, பல்செட்டும் நகரலை. அதை இங்கிலீசுல ஐ போட்டு முடிக்கறதா, ஒய் போட்டு முடிக்கறதா, நடுவுல டபிள்யூ வேணுமான்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க மாப்பிள்ளை.