திரைநோக்கியார்

அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாகாணத்தின் கிழக்குப் பகுதியிலே, டாலஸ் நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பிரயாணத்தில் போய்ச் சேரக்கூடிய ஃபோர்க் ஏரியில், ஏதாவது ஒரு சனிக்கிழமை காலை, படகின் முன்தளத்தில் தலையைத் தாழ்த்தி, முகவாய் மார்பில் படும்படி, அக்கம்பக்கத்தில் நடப்பது எதையும் ஏறிட்டுப் பாராமல் நிற்கும் ஒரு கனவானைக் காணும் அந்நியர் எவரும், அவருடைய குடும்பத்தில் ஏதோ பெரிய துக்கம் நேர்ந்திருக்கிறது என்றும், அஸ்தியைக் கரைக்க வந்தவர் மனம் வராமல் நிற்கிறார் என்றும் எண்ணி, தம் படகை மரியாதையாக ஒதுக்கி ஓட்டிக்கொண்டு போவாரேயானால், அவரைக் குறைகூற நியாயமில்லை. உண்மையில் அந்தக் கனவானுக்கு ஒரு துக்கமும் இல்லை. அதாவது, இன்னும் இல்லை. அவர் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார். தண்ணீரைப் பார்த்து மீன் பிடித்தது அவருடைய தகப்பனார் காலம். இவர் பார்ப்பது தம் முன்னே பொருத்தியிருக்கும் திரையை. ஆகவே இவரைத் திரைநோக்கியார் என்று அழைப்போம்.

திரைநோக்கியார் ஒருவரல்லர், பலர். வார நாட்களில் அவர் பல் வைத்தியராகவோ, காப்பீட்டு ஏஜெண்டாகவோ, வீட்டுக் கூரை போடும் ஒப்பந்தக்காரராகவோ இருப்பார். மார்பிலும் முதுகிலும் கைகளிலும் கம்பெனிப் பெயர்கள் அச்சிட்ட சட்டை ஒன்றை அணிந்திருப்பார். பந்தய மீனவர்களுக்கு அந்தக் கம்பெனிகள் பணம் கொடுத்துச் சட்டையையும் கொடுக்கின்றன. இவரோ அந்தக் கம்பெனிகளுக்கெல்லாம் பணம் கொடுத்துவிட்டு, சட்டையையும் விலைக்கு வாங்கியவர். சாந்த சுபாவி, தெருவில் யாரிடமும் உரத்துப் பேசாதவர். ஆனால் திரையில் ஒரு வெள்ளைத் திட்டு அசைந்துவிட்டால் அவருடைய குரலும் முகமும் மாறிவிடும். "இருபத்தெட்டு அடி தூரம், பத்தடி ஆழம், கடிகாரத்தில் பதினொரு மணித் திசை!" என்று அவர் முழங்கும்போது, பின்னால் உட்கார்ந்திருக்கும் சிநேகிதர், தாம் வந்தது உல்லாசப் பிரயாணத்துக்கா, நீர்மூழ்கி யுத்தத்துக்கா என்று சந்தேகங்கொள்வார்.

நீருக்குள் ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு மீனைக் காண்பது புதிய வித்தை அன்று. ஜப்பானில் நாகசாகிப் பகுதியைச் சேர்ந்த ஃபுருனோ சகோதரர்கள் 1948ஆம் வருஷத்திலேயே மீன்காட்டும் கருவியைச் செம்படவர்களுக்கு உபயோகப்படும்படி செய்து விற்றார்கள். 1950களின் கடைசியில் அமெரிக்காவில் லோரன்ஸ் குடும்பத்தார் அதை ஒரு சிறிய பச்சைப் பெட்டிக்குள் சுருக்கி, பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிறவர்களின் படகிலும் ஏற்றிவிட்டார்கள். ஆனால் அந்தப் பழைய கருவி காட்டியது சரித்திரம்: படகுக்கு நேர் கீழே ஒரு மீன் இருந்தது என்று அது தெரிவிப்பதற்குள் மீன் தன் காரியத்தைப் பார்க்கப் போய்விட்டிருக்கும். 2018இல் கார்மின் கம்பெனி வெளியிட்ட லைவ்ஸ்கோப் என்ற சாதனமும், அதைத் தொடர்ந்து இரண்டு மூன்று வருஷங்களில் லோரன்ஸ், ஹம்மின்பர்ட் கம்பெனிகள் கொண்டுவந்த போட்டிச் சாதனங்களும் நிகழ்காலத்தைக் காட்டத் தொடங்கின. படகின் முன்புறத்து மின்மோட்டாரின் தண்டில் கட்டி நீருக்குள் இறக்கியிருக்கும் சிறு பெட்டி ஒன்றில் பல ஒலிக்கூறுகள் அணிவகுத்திருக்கின்றன. வினாடிக்கு ஐந்து லட்சம் முதல் பதினொரு லட்சம் வரை அதிர்வுகள் கொண்ட, மனிதச் செவிக்கு எட்டாத ஒலி அதிலிருந்து புறப்பட்டு, நீரில் வினாடிக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் வேகத்தில் போய்த் திரும்புகிறது. திரும்பும் எதிரொலி ஒவ்வொரு கூறுக்கும் வந்து சேரும் நேரத்தில் உள்ள இம்மி வித்தியாசத்தைக் கணக்கிட்டு, பெட்டியை அசைக்காமலே முன்னும் கீழுமாக ஒரு பெரிய பரப்பைக் கருவி படமாக்கிவிடுகிறது. நூறடிக்கு அப்பால் மீன் வாலை அசைத்தால் இமை மூடித் திறப்பதற்குள் இங்கே திரையில் தெரியும். நாம் எறிந்த பொய்யிரையும் ஒரு புள்ளியாக அதே திரையில் இறங்குவது தெரியும். இரை மீனை நெருங்குவதையும், மீன் இரையை நெருங்குவதையும், அதற்குமேல் நடப்பதையும் நடக்காததையும் பிரத்தியட்சமாகக் காணலாம்.

இந்தத் தரிசனத்துக்குக் காணிக்கை கொஞ்சமன்று. கருவியும் ஒரு திரையும் சேர்ந்து மூவாயிரம் நாலாயிரம் டாலர் எளிதில் ஆகிவிடும். ஒரு திரையோடு நிற்பவர் திரைநோக்கியார் ஆகார். பல திரைகள் வேண்டும்; அவற்றுக்கெல்லாம் மின்சாரம் கொடுக்க லித்தியம் பாட்டரிகள், பாட்டரிகளைத் தாங்கப் பெரிய படகு, படகை இழுக்கப் பெரிய வண்டி என்று அந்தச் செலவு தலைகீழாக வளர்ந்து, கடைசியில் வீட்டு வரவு செலவுக் கணக்கை வைத்திருக்கும் அம்மையாரிடம் போய் முட்டும்.

"தண்ணீருக்குள் மீன் இருக்கிறது என்பது இத்தனை வருஷமும் உங்களுக்குத் தெரியாதா?" என்று அம்மையார் கேட்பார்.

"தெரியும். எந்த இடத்தில் இருக்கிறது என்பது இப்போதுதான் தெரியும்."

"தெரிந்துமா கொண்டுவரவில்லை?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் திரைநோக்கியார் பாட்டரிகளுக்கு மின்சாரம் ஏற்றக் கொட்டகைக்குப் போய்விடுவது வழக்கம். அம்மையாருக்குத் தெரியாமலே அவர் அந்த மனிதருடைய ரணத்தில் விரலை வைத்துவிட்டார்.

தூண்டில் போடுகிறவனுக்கு ஆதிகாலந்தொட்டு இயற்கை ஒரு பெரிய தயவு செய்துவந்தது. தண்ணீருக்கு அடியில் நடப்பது அவனுக்குத் தெரியாது. வெறுங்கையோடு திரும்பினால், "இன்று மீன் இல்லை" என்று சொல்லலாம், காற்றையும் நிலவையும் வடக்கிலிருந்து வந்த குளிரையும் குற்றஞ்சாட்டலாம், கேட்பவரும் நம்பலாம், அதைவிட முக்கியம், சொல்பவரும் நம்பலாம். திரைநோக்கியார் பல ஆயிரம் டாலர் கொடுத்து இந்தச் சௌகரியத்தைப் போக்கிக்கொண்டார். மீன் இருக்கிறது, பார்க்கிறார். இரை அதன் முகத்துக்கு நேரே இறங்குகிறது, பார்க்கிறார். மீன் எழுந்து வருகிறது, இரையைப் பின்தொடர்கிறது, ஒரு சாண் தூரத்தில் நின்று நிதானமாகப் பரிசீலிக்கிறது. பிறகு, பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜியும் பஜ்ஜியும் தின்றுவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று கிளம்புவது போல, ஒரு அவசரமும் இல்லாமல் திரும்பிப் போய்விடுகிறது. காலை ஆறு மணியிலிருந்து பகல் இரண்டு மணி வரை இதே நிராகரிப்பு, பல நிறப் பொய்யிரைகளின் விஷயத்தில், தெளிவான உருவப்படமாக, அவர் கண்முன் நடக்கிறது. முன்பெல்லாம் மீன் அகப்படாதவன் துரதிர்ஷ்டசாலி. இவரோ தம்மை நேரில் கண்டு வேண்டாம் என்று சொன்ன மீன்களின் தொகையை அறிந்தவர். உலகத்தில் வேறெந்தப் பொழுதுபோக்கிலும் அவமானத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் யந்திரத்தை அதை அடைகிறவரே விலை கொடுத்து வாங்குவதாக நான் அறியேன்.

அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கருவி திட்டைக் காட்டுமே தவிர அதன் குலத்தைக் காட்டாது. அவர் தேடிவந்த பாஸ் மீன் என்று நினைத்துத் துரத்தியது கெண்டையாக இருக்கலாம், அங்கே டிரம் என்று சொல்லும், பந்தயக்காரர் எவரும் மதிக்காத மீனாக இருக்கலாம், ஆமையாகக்கூட இருக்கலாம். ஃபோர்க் ஏரியில் இந்தச் சங்கடம் அதிகம். 1980இல் அணை கட்டி முடித்துச் சுமார் 27,000 ஏக்கர் நிலத்தை நீரில் ஆழ்த்தியபோது, மீன்களுக்குப் புகலிடமாக இருக்கட்டும் என்று மரங்களில் ஏராளமானவற்றை நின்றபடியே விட்டுவிட்டார்கள். பாஸ் மீன் அந்த அடிமரங்களை ஒட்டி அசையாமல் நிற்கும் பழக்கமுடையது. அடிமரமும் அசையாமல் நிற்கும் பழக்கமுடையது. ஆகவே திரைநோக்கியார் சில சமயம் கால் மணி நேரம் ஒரே திட்டுக்கு இரையை மாற்றி மாற்றிக் காட்டி, "இது மிகவும் அனுபவப்பட்ட மீன், லேசில் ஏமாறாது" என்று அதன் புத்திசாலித்தனத்தைப் புகழ்ந்துகொண்டிருப்பார். அந்தப் புகழ்ச்சிக்குப் பாத்திரமானது நாற்பது வருஷத்துக்கும் மேலாக நீரில் ஊறிய மரமாக இருக்கும்.

மீன் அகப்பட்டால் என்ன செய்வார்? விட்டுவிடுவார். அந்த ஏரியில் 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட நீளமுள்ள பாஸ் மீனை வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதற்கு மேற்பட்டதில் நாளொன்றுக்கு ஒன்றுதான். சட்டம் அனுமதித்தாலும் அவர் வைத்துக்கொள்ள மாட்டார்; புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்ப நீரில் விடுவது திரைநோக்கியார்களின் மதாசாரம். பெரிய மீனுக்கு அங்கே ராஜமரியாதை உண்டு. 13 பவுண்டுக்கு மேற்பட்ட மீனை இனவிருத்திக்காக அரசாங்கத்துக்கு இரவல் கொடுக்கும் திட்டம் ஒன்று 1986இல் ஏற்பட்டது; அதில் முதலாவதாகச் சேர்ந்தது ஃபோர்க் ஏரியில் அகப்பட்ட 17.67 பவுண்டு மீன். எத்தல் என்று அதற்குப் பெயரிட்டு, மிஸௌரி மாகாணத்தில் ஒரு பெரிய கடையின் கண்ணாடித் தொட்டியில் பொதுமக்கள் தரிசனத்துக்கு வைத்திருந்தார்கள். 1994இல் அது காலமானபோது இரங்கற்கூட்டம் நடத்தினார்கள்.

படகுத்துறையில் மிதவையும் உயிருள்ள சிறுமீனும் கொண்டு தூண்டில் போடும் முதியவர் ஒருவர் எப்போதும் இருப்பார். திரைநோக்கியாரிடம் அவர் நீதி போதிப்பதில்லை. இரண்டு செய்திகளை மட்டும் சொல்லிவிட்டுப் புகையிலையை வேறு கன்னத்துக்கு மாற்றுவார். இன்றுவரை டெக்ஸாஸ் மாகாணத்தின் மிகப் பெரிய பாஸ் மீன், 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் இதே ஏரியில் அகப்பட்டது. பிடித்தவர் அன்று தேடிப் போனது பாஸை அன்று, கிராப்பி என்ற சிறிய மீனை. இரண்டாவது செய்தி ஜார்ஜியா மாகாணத்து ஜார்ஜ் பெர்ரியைப் பற்றியது. 1932 ஜூன் மாதம் 2ஆம் தேதி, மழையினால் உழவு நடக்கவில்லை என்று அந்த ஏழை உழவர் சிநேகிதரோடு தூண்டில் போடப் போனார். இருவருக்கும் சேர்த்து ஒரே பொய்யிரை. அதில் அகப்பட்டது 22 பவுண்டு 4 அவுன்ஸ். அந்த எடையை 2009இல் ஜப்பானில் பீவா ஏரியில் குரிடா என்பவர் சற்றே தாண்டியும், தாண்டியது போதாது என்று சட்டப்படி சமமாகத்தான் வைத்திருக்கிறார்கள். பெர்ரி வீட்டார் தங்கள் மீனைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள் என்று சொல்லுவார்கள். இதைக் கேட்ட திரைநோக்கியார் சற்றும் கலங்காமல், "இந்தக் கருவி மட்டும் அன்று பெர்ரியிடம் இருந்திருந்தால்!" என்பார். இருந்திருந்தால் அதைவிடப் பெரிய மீன்கள் தம்மை மறுப்பதைப் பெர்ரியும் பார்த்திருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

பரிகாசம் போதும், நியாயத்தையும் சொல்லவேண்டும். வல்லவர் கையில் இந்தச் சாதனம் பொல்லாதது. மேற்கு டெக்ஸாஸில் ஓ. எச். ஐவி ஏரியில் சமீப வருஷங்களில் ராட்சத மீன்கள் வரிசையாக அகப்பட்டதற்கு இந்தக் கருவியும் ஒரு காரணம். பந்தயங்களில், தாடி முளைத்துச் சில காலமே ஆன இளைஞர்கள், ஏரியோடு ஆயுளைக் கழித்த பெரியவர்களைத் தோற்கடிக்கத் தொடங்கிய பிறகு பெருங்கூச்சல் எழுந்தது. 2025இல் பாஸ்மாஸ்டர் எலீட் பந்தயத்தார் படகுக்கு இத்தகைய முன்னோக்குக் கருவி ஒன்றுதான் என்றும், எல்லாத் திரைகளின் அளவும் சேர்ந்து 55 அங்குலத்துக்கு மேற்படலாகாது என்றும் விதித்தார்கள். மேஜர் லீக் ஃபிஷிங் என்ற மற்றோர் அமைப்பு, தன் முதன்மைப் பந்தயத்தில், நாளின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டும் அதை அனுமதித்தது. இந்த விதிகள் வெளியானபோது திரைநோக்கியாருக்கு வந்த கோபத்தைப் பார்த்தவர்கள், அவருடைய ஜீவனோபாயமே பறிபோயிற்று என்று எண்ணினார்கள். அவர் ஒரு பந்தயத்திலும் கலந்துகொண்டவரல்லர். ஆனால் ஐம்பத்தைந்து அங்குலம் என்ற எண்ணைக் கண்டதும், தம் படகில் நாற்பத்தெட்டு அங்குலந்தான் இருக்கிறது என்பது அவர் நினைவுக்கு வந்தது. பாக்கி ஏழு அங்குலத்தை அந்த வாரத்திலேயே வாங்கிவிட்டார்.

வாசகர்களில் யாராவது அந்தப் பக்கம் போக நேர்ந்து, திரைநோக்கியார் தம் படகுக்கு அழைத்தால் தாராளமாகப் போங்கள். அவரைப்போல உபசாரி கிடைப்பது அரிது. தொப்பியும் குடிநீரும் கொண்டுபோங்கள். குளிர்காலமானால் மரத்து உச்சியில் வெண்தலைக் கழுகுகள் உட்கார்ந்திருக்கும். அதை அவரிடம் சொல்லிப் பிரயோசனமில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்து வலிக்கு அவர் எந்த வைத்தியரிடம் போகிறார் என்று கேட்டுவிடாதீர்கள். அரை மணி நேரம் போய்விடும். மீன் சாப்பிடும் உத்தேசம் இருந்தால் மட்டும் அவரை நம்பாமல், திரும்பும் வழியில் ஏதாவது சாப்பாட்டுக் கடையில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் பிரதேசத்தில் சோளமாவு தடவிப் பொரித்த கெளுத்தி நன்றாக இருக்கும். அமெரிக்காவில் வளர்க்கப்படும் கெளுத்தியில் பெரும்பகுதி மிஸிஸிப்பி மாகாணத்துப் பண்ணைக் குளங்களிலிருந்து வருகிறது. அங்கே அதை வலை போட்டு வாருகிறார்கள்.