பூநாரையோட பாடு

வாங்க தம்பி. பழவேற்காட்டுல வண்டிய விட்டு இறங்கினதும், "ஏரியோரமா நடக்க ஒரு பாதை இல்லையே பெரியவரே"ன்னு குறைப்பட்டுக்கிறீங்க. நியாயந்தான். சேத்துல நடந்தே காலத்தை ஓட்டிட்டோம், கால்ல சேறு ஒட்டக்கூடாதுன்னு எங்களுக்குத் தோணவே இல்ல.

போட்டுடலாம். அந்தக் கண்டல் மரத்தையெல்லாம் வெட்டிடுங்க, பறவையப் பாக்க விடாம மறைக்குது. அது வேருக்குள்ளதான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் பதுங்கி வளருது. இருளர் பொம்பளைங்க பறிக்கூடையப் பல்லுல கடிச்சுக்கிட்டு, கையால துழாவி இறால் புடிக்கிறதும் அந்தச் சேத்துலதான். அதுக்கென்ன, உங்களுக்கு கடையில ஐஸ் இறால் கிடைக்குதே! உமிரிச் செடி முளைச்ச இடத்துல மண்ணைக் கொட்டி சிமெண்டுக் கல்லு பதிங்க. வரிசையா விளக்கு போடுங்க. பூநாரை பாவம், இத்தனை காலமா ராத்திரியிலயும் இருட்டுலயே சேத்தைச் சலிச்சுத் தின்னுது.

உங்களுக்கு இது புது வேலையா? சென்னைப் பள்ளிக்கரணையில சதுப்பு பரந்து கிடந்துச்சு. குப்பை கொட்டினீங்க, கம்பெனி கட்டினீங்க, ரோடு போட்டீங்க. மிஞ்சினதைப் பாக்க 2021-ல நடைபாதையோட பூங்கா திறந்தாச்சு. விருந்தைத் தின்னுட்டு கடைசிப் பருக்கையக் கண்ணாடிப் பெட்டியில வச்ச கணக்கா.

"சின்னப் பாதைதானே"ங்கிறீங்க. முன்னாடி வர்றது எப்பவும் சின்னதுதான் தம்பி. பக்கத்துல காட்டுப்பள்ளித் துறைமுகம் 330 ஏக்கர். அதை 6,111 ஏக்கர் ஆக்கணும்னு திட்டம் போட்டாங்க. பூநாரைக்கு மனு எழுதத் தெரியாது, நாங்கதான் எதுத்து நின்னோம். இத்தனைக்கும் இந்த ஏரியோட தமிழ்நாட்டுப் பகுதி 1980-லேயே பறவைகள் சரணாலயம்.

எங்க குப்பங்கள்ல பாடுன்னு ஒரு முறை இருக்கு. யாரு எந்த நாளு எந்த இடத்துல வலை போடலாம்னு ஊரு முறை வச்சிருக்கும். அடுத்தவன் பாட்டுல வலை விட்டா அபராதம். ஐப்பசி தொட்டு பங்குனி வரைக்கும் அந்தச் சேறு பூநாரையோட பாடு.

நடக்கணும்னா இருக்கிற ரோட்டுல டச்சுக் கல்லறை வரைக்கும் நடங்க. பறவையத் தூர நின்னு பாருங்க. திரும்பறப்போ பேரம் பேசாம கொடுவா வாங்கிட்டுப் போங்க. பாதை போட வர்றதா இருந்தா, அபராதத்தை முன்கூட்டியே கட்டிட்டு வாங்க.