எல்லை மாமா

பினாங்கு ஜார்ஜ்டவுனில் மழை விட்ட ராத்திரி, எந்தக் கால்வாய்ப் பக்கம் நின்றாலும் தவளைக் கச்சேரி இலவசம். இருந்தும், வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டி வைத்து, பாதி தரை, பாதி தண்ணீர் என்று பாகம் பிரித்து, அதில் தவளை வளர்க்கிற மனிதர்கள் இந்த ஊரில் உண்டு. அவர்களுக்கு நான் வைத்திருக்கும் பொதுப்பெயர் எல்லை மாமா. இவருக்குத் தவளை ஒரு சாக்கு. நடுவில் எழுப்பும் தடுப்புதான் வாழ்க்கை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹார்ட்வேர் கடைக்குப் போனால் இவரைப் பார்க்கலாம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சிலிக்கோன் டியூபின் முதுகில் இருக்கும் பொடியெழுத்தைப் படித்துக்கொண்டிருப்பார். குளியலறைக்கென்று விற்கும் சிலிக்கோனில் பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும். தவளையோ தோலாலேயே தண்ணீர் குடிக்கிற பிராணி; விஷமும் அந்த வழியாகவே உள்ளே போய்விடும். ஆகவே கலப்பில்லாத சரக்குதான் வேண்டும். “பாத்ரூமுக்குத்தானே?” என்பார் கடை முதலாளி தௌகே. “இல்லை, தவளைக்கு” என்பார் மாமா. அதற்குமேல் தௌகே பேரம் பேசுவதில்லை. கேட்ட விலைக்கே கொடுத்து அனுப்பிவிடுவார்.

அன்று மாலை வீடெங்கும் வினிகர் வாடை. அந்த வகை சிலிக்கோன் காய்கிறவரை அசிட்டிக் அமிலத்தைக் கக்கும். “என்னங்க, ஆச்சாரு போடுறீங்களா?” என்று அடுப்படியிலிருந்து மாமி கேட்பார். மாமா வாய் திறக்கமாட்டார். மூலையில் பிதுங்கியதை ஈர விரலால் வழித்துக்கொண்டிருப்பார். மூச்சுவிட்டால் கோடு கோணிவிடும்.

தடுப்புச் சாஸ்திரத்தில் மூன்று கட்சிகள். மாமா மூன்றிலும் இருந்து பார்த்தவர். முதலில் நாலு அங்குல உயரக் கண்ணாடிப் பட்டையை நிறுத்தி, சொட்டுக்கூடக் கசியாமல் அடைத்தார். செடிக்குத் தெளித்த தண்ணீர் போக வழியில்லாமல் தரைப்பக்கம் சேறாகிவிட்டது. அடுத்து, பட்டைக்கு அடியில் இடைவெளி விட்டார். மண் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றியது. கரைந்த மண் இறங்கி, தண்ணீர் பால் விடாத தே ஓ நிறத்துக்கு வந்தது. மூன்றாவதாக, அடியில் சுட்ட களிமண் உருண்டைகள், அதன்மேல் வலை, வலைமேல் மண். தண்ணீர் அடியில் தாராளமாகப் போய்வந்தது. மண் நனையாமல் நின்றது. எல்லாம் சரியாகிவிட்டதால் மாமாவுக்குச் சுவாரசியம் போய்விட்டது. பிரித்துவிட்டார். ஒவ்வொரு தடவை கட்சி மாறும்போதும் தவளைகள் ஐஸ்கிரீம் டப்பாவுக்குக் குடிபெயரும். தொட்டியில் இருந்த நாளைவிட அவை டப்பாவில் இருந்த நாளே அதிகம்.

இந்தத் தடுப்புப் பித்தில் ஊர்க்குணமும் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் பீச் ஸ்ட்ரீட்தான் கடலோரம். 1880களில் கடலைத் தூர்த்து வெல்ட் கீயை உண்டாக்கினார்கள். அப்புறம் தஞ்சோங் தோக்கோங். இப்போது தெற்குக் கரையில் தீவே போடுகிறார்கள். மாமாவுக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். “வெள்ளைக்காரன் போட்ட கரை இன்னும் நிக்குது லா! என் நாலு அங்குலச் சுவர் மட்டும் ஏன் ஒழுகுது?” என்று ஆற்றாமையோடு கேட்பார்.

விருந்தாளி வந்தால் பிரசங்கமே நடக்கும். பினாங்குத் தீவுக்கே உரிய ஓடைத் தேரை ஒன்று உண்டு. 1870இல் ஸ்டோலிச்கா என்ற அறிஞர் அதற்கு இந்த ஊரின் பெயரையே சூட்டினார். அதன் தலைப்பிரட்டை பாய்கிற ஓடையில் பாறையை வாயால் கவ்விக்கொண்டு நிற்கும். மாமா இதைச் சொல்லி முடிக்குமுன் மாமி காப்பித் தட்டோடு வந்துவிடுவார். “பாத்தீங்களா, சிலிக்கோன் இல்லாமலே நிக்குது.” மாமிக்கு வேறு மனக்குறையும் உண்டு. குளோரின் போகட்டும் என்று குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்த வாளிகள் குளியலறையை அடைத்துக்கொண்டிருக்கின்றன. வீட்டு ஆட்கள் குளிக்க ஒரு வாளிகூட மிச்சமில்லை.

போன வாரம் புதுத் தடுப்பைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார். தரையில் பாசி பச்சைப்பசேல் என்று இருந்தது, தண்ணீர் தெளிந்திருந்தது, நடுச் சுவர் நூல் பிடித்தமாதிரி நேராக நின்றது. தவளையைத்தான் காணோம்.

“அது மரத்தவளைங்க” என்றார் மாமி. “தரையும் வேணாம், தண்ணியும் வேணாம்னு பகலெல்லாம் மூடியிலதான் ஒட்டிக்கிட்டு இருக்கும். மேல பாருங்க.”

பார்த்தேன். மாமாவும் பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார்.

“மூடியை ரெண்டாப் பிரிச்சா என்ன?”