ரெண்டு படிக்கட்டு வீட்டுக்கு ஒரு ஜோடி

ஏலே பேராண்டி, தாலி கட்டி நாப்பது நாள் ஆகல. புதுப்பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு ஹான்காக் ஷேக்கர் கிராமம் பாக்கப் போறேன்னு போன்ல சொன்னியே, அதக் கேட்டு உன் ஆச்சி வெத்தலையத் துப்பிட்டுச் சிரிச்சா. கல்யாணமே வேண்டாம்னு ஷேக்கர்ங்கிற சாமிக்கூட்டம் வாழ்ந்து முடிஞ்ச ஊருக்குத் தேனிலவு போற கெட்டிக்காரன் நீ ஒருத்தன்தாண்டே.

போ, தப்பில்ல. உங்க அத்தை வீட்டுல நாலு மாசம் கெடந்தப்போ நானும் பாத்தவன்தான். பாஸ்டன்ல இருந்து மேற்க, பிட்ஸ்ஃபீல்ட் ஓரத்துல இருக்கு. ஆனா போய் எறங்குறதுக்கு முன்ன தாத்தா சொல்றதக் காதுல போட்டுக்கோ.

1830-ல கட்டின செங்கல் வீடு ஒண்ணு இருக்கும். 100 பேர் வரைக்கும் குடியிருந்த வீடு. ஆம்பளைக்கு ஒரு படிக்கட்டு, பொம்பளைக்கு ஒரு படிக்கட்டு. நீ பாட்டுக்கு அவ கையப் புடிச்சுக்கிட்டு ஏறிராத, சுவரு வெக்கப்படும். படியில வலது கால முதல்ல வைக்கணும்னுகூட அவங்க சட்டத்துல எழுதி வச்சிருந்தாங்க. நம்ம வீட்டு மருமகளுக்கு வலது கால் ஒரு நாள் கூத்து, அவங்களுக்கு ஆயுசுக்கும்.

பேச்சுவார்த்தையே கெடையாதான்னு கேப்ப. உண்டு. சாயங்காலம் ஆம்பளை ஒரு வரிசை, பொம்பளை ஒரு வரிசை, நடுவுல அஞ்சடி விட்டு நாற்காலி போட்டு எதிரும் புதிருமா உக்காந்து பேசிக்குவாங்க. பொண்ணு பாக்கப் போனாப்லதான். ஆனா சொஜ்ஜி பஜ்ஜி இல்ல, நாளும் குறிக்க மாட்டாங்க.

கேலி ஒருபக்கம் கெடக்கட்டும். இதுக்கெல்லாம் மூலம் ஆன் லீன்னு ஒரு அம்மா. மான்செஸ்டர்ல கொல்லன் மக. பெத்த நாலு புள்ளையும் சின்னதுலயே மண்ணுக்குப் போச்சு. எல்லாரும் அண்ணன் தங்கச்சியா இருப்போம்னு 1774-ல கொஞ்சம் பேரோட கப்பலேறி அமெரிக்காவுக்கு வந்தவ. சாமி கும்பிடுறப்போ ஒடம்பு குலுங்கி ஆடுவாங்க, அதான் ஷேக்கர்னு பேரு வந்துச்சு. நம்ம ஊர்க் கொடையில ஆடுறவனுக்கு மறுநாள் பொண்டாட்டி வெந்நீர் போட்டுக் குடுப்பா. இவங்களுக்கு அதுவும் இல்ல, பாவம்.

தொழுவத்துக்குப் போனா மட்டும் அவசரப்படாத. 1826-ல கட்டின வட்டத் தொழுவம், பூரா கல்லு; நம்ம தோட்டத்துக் கெணத்தப் பேத்து தரைக்கு மேல நிறுத்தினாப்ல இருக்கும். புல்லு வண்டி மேல்தளத்துல நொழஞ்சு, ஒரு சுத்து சுத்தி, நடுவுல படப்பு மாதிரி தள்ளிட்டு, அதே வாசல் வழியா வெளிய போயிரும். வண்டியப் பின்னுக்கு எடுக்குற வேலையே கெடையாது. கீழ 50 மாடு வட்டமா, மூஞ்சிய நடுவுக்குக் காட்டி நிக்கும். ஒத்த ஆளு நடுவுல நின்னு சுத்திச் சுத்தித் தீனி போட்டுருவான். சாணி அதுக்கும் அடித்தளத்துக்கு எறங்கிரும். அங்கயே வாயப் பொளந்து நின்னுட்டேன். புள்ளகுட்டி இல்லாதவன் மாட்டுக்கு மாளிகை கட்டியிருக்கான். நாலு புள்ள பெத்தவன் இங்க தொழுவத்துக்குக் கீத்து மாத்த வழியில்லாமக் கெடக்கேன்.

அநாதைப் புள்ளைகளையும் எடுத்து வளத்தாங்க. 21 வயசானா இருக்கியா, போறியான்னு கேப்பாங்களாம். அந்த வயசுல கேட்டா எவன்டே இருப்பான்? முக்காவாசி கெளம்பிருச்சு. ஆளு கொறஞ்சு கொறஞ்சு, 1960-ல ஊரே காட்சிசாலை ஆயிப்போச்சு.

கடைப்பக்கம் சூதானம். எளிமைங்கிற சரக்குக்கு அமெரிக்காவுல விலை சாஸ்தி. பலகைய மெலுசா வளச்சு, செம்பு ஆணி அடிச்ச முட்டை வடிவப் பொட்டி ஒண்ண ஆசையா எடுத்தேன்; விலைச்சீட்டப் பாத்த உங்க அத்தை, 'அப்பா, இருந்த எடத்துலயே வைங்க'ன்னுட்டா. தட்டை விளக்கமாறும் அவங்க கண்டுபிடிப்புன்னு சொல்லுவாங்க. அத வாங்கிராத. வாங்கினா, வீட்டுக்கு வந்ததும் அது யாரு கைக்கு வரும்னு உனக்கே தெரியும்.

எனக்குன்னு ஒரு காரியம் செய்யி. நாற்காலியச் சாச்சுச் சாச்சு உக்காந்து தரையக் கீறுறேன்னு உன் ஆச்சி அம்பது வருசமா வையுறாள்ல? மலைக்கு அந்தப்பக்கம் மவுண்ட் லெபனான்ல இருந்த ஷேக்கர் ஒருத்தர் அதுக்கும் வழி பண்ணி, 1852-ல காப்புரிமையே வாங்கிட்டார். பின்னங்கால் அடியில ஒரு குண்டு. சாஞ்சாலும் அது தரையோட படிஞ்சு நிக்கும். அப்படி ஒரு நாற்காலி கண்ணுல பட்டா, காலடியக் கிட்டப் போயி நாலு போட்டோ புடிச்சு அனுப்பு. நம்ம ஆசாரிகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். உன் ஆச்சி காதுக்கு மட்டும் போகவேண்டாம்.