மலிவு வீட்டு மருத்துவர்

2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் திறந்து வைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்று, ஆண்டுக்கு 100 இடங்களோடு இராமநாதபுரத்துக்கு வாய்த்தது. அதனோடு சேர்ந்து அவ்வூருக்கு வாய்த்த மனித வகை, விடுதி வேண்டாமென்று கேணிக்கரையிலும் பாரதி நகரிலும் வாடகைக்கு இடம் தேடும் இரண்டாம் ஆண்டு மாணவர்.

நோக்கல், தொட்டறிதல், தட்டியறிதல், கேட்டறிதல் என நோயாளியைச் சோதிக்கும் முறை நான்கு என்று அப்போதுதான் படித்திருப்பதால், அவர் வீட்டையும் அவ்வாறே சோதிப்பார். குழாயடியில் வெள்ளையாகப் படிந்த உப்பை நோக்குவார். ஈரம் ஏறிய சுவரைத் தொடுவார். கடற்காற்றில் கம்பி துருவேறி உப்பியதால் காரை விட்டுப்போன கூரையை எக்கித் தட்டுவார். மின்விசிறியின் முனகலைச் செவிமடுப்பார். நோயை இவ்வளவு துல்லியமாகக் கண்டறிந்த பின்னர், வாடகை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக அவ்வீட்டிலேயே குடியேறுவார்.

அட்வான்ஸ் எனப்படும் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மிகலாகாது என்று 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் கூறுவதை அவர் அறிவார். இரு தரப்பும் வேறாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அதுவே செல்லும் என்று அச்சட்டமே வழிவிட்டிருப்பதை வீட்டுக்காரர் அறிவார். "பத்து மாசம்தான் டாக்டர் தம்பி, ஊர் வழக்கம்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், 'டாக்டர்' என்ற விளியில் மயங்கிய மாணவர் "சரிண்ணே" என்று விடுவார். அந்த விளிக்கும் விலை உண்டென்பது, மறுநாள் காலை வீட்டுக்காரரின் மாமியாரது சுகர் ரிப்போர்ட் கதவைத் தட்டும்போது விளங்கும்.

திருச்சிப் பக்கத்துக் காவிரியிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருவது நல்ல தண்ணீர், வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் ஊறுவது உப்புத் தண்ணீர் என்பது இவ்வட்டாரப் பாகுபாடு. மலிவு வீட்டில் கிடைப்பது பின்னது மட்டுமே என்பதால், குடிக்கக் குடம் குடமாக விலைகொடுத்து வாங்குவார்; குளிக்கையில் சோப்பு நுரைக்காததற்குக் கால்சியமும் மெக்னீசியமுமே காரணம் என்று தமக்குத் தாமே விளக்கிக்கொள்வார். விளக்கத்துக்குப் பிறகும் சோப்பு நுரைக்காது.

தண்ணீருக்கும் ஆட்டோவுக்கும் ஆன செலவைக் கூட்டினால் மிச்சம் பிடித்த வாடகை கரைந்திருக்கும். எனவே அவர் கூட்டிப் பார்ப்பதில்லை. மாறாக, கூடுதல் வாடகையில் நல்ல தண்ணீரும் காற்றோட்டமும் உள்ள அறை எடுத்திருக்கும் நண்பரிடம், "ஒரு டவுட்" என்று மாலையில் போய், இரவில் உறங்கி, காலையில் குளித்துத் திரும்புவார். சீனியரிடம் வாங்கி இன்னும் ஜூனியரிடம் தள்ளிவிட முடியாத எலும்புப் பெட்டியை, அதாவது மண்டையோடு முதல் கால் எலும்பு வரை உடற்கூறியல் பாடத்துக்கென வைத்திருக்கும் தொகுதியை, மட்டும் அங்கே கொண்டுபோக இயலாது. நண்பரின் வீட்டுக்கார அம்மா, "அதெல்லாம் வீட்டுக்குள்ள ஆகாதுப்பா" என்று வாசலிலேயே தடுத்துவிடுவார். ஆகவே, பத்து மாத முன்பணம் கொடுத்துப் பிடித்த மலிவு வீட்டில் முழுநேரமும் குடியிருப்பவை அவ்வெலும்புகளே. தண்ணீரைப் பற்றி இதுவரை அவை குறை சொன்னதில்லை.