தண்ணீர் எங்கே தேங்கும்?

லேக் மார்க்கெட், கொல்கத்தா வாசகி: என் கையெழுத்து என் வீட்டுக்காரருக்கே புரிவதில்லை. கம்ப்யூட்டருக்கு எப்படிப் புரியும்?

தண்ணீர் ஊற்றிப் பார்க்கும், புரிந்துவிடும். இது உங்கள் ஊர் யோசனைதான். மகலனோபிஸ் 1931இல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் கழகம் பாரக்பூர் டிரங்க் ரோட்டில் இருக்கிறதே, அங்கே உமாபத பாலும் கூட்டாளிகளும் கையாண்ட வழி இது. எழுத்தின் தலையில் தண்ணீர் கொட்டுவதாகக் கம்ப்யூட்டர் பாவித்துக்கொள்ளும். 'ப'வில் தேங்கும். 'ட'வில் வலப்பக்கமாக வழிந்து ஓடிவிடும். நீங்கள் 'ப'வை ஒல்லியாக எழுதுங்கள், குண்டாக எழுதுங்கள், கொஞ்சம் சாய்த்தும் எழுதுங்கள். தண்ணீர் நிற்கத்தான் செய்யும். அடுத்து எழுத்தைத் தலைகீழாக்கி மறுபடி ஊற்றும். இரண்டு எண்கள் ஒட்டிக்கொண்டால் நடுவே பெரிய குட்டை உண்டாகும். எங்கே வெட்டிப் பிரிப்பது என்பதை அந்தக் குட்டையே காட்டிக்கொடுக்கும். எனக்கு மிகவும் பிடித்த கணினி யோசனைகளில் இது ஒன்று.

கோவை வாசகர்: மில்லிமீட்டர் கணக்காக அளந்தால் இன்னும் துல்லியமாக இருக்குமே?

அளவு கிடைக்கும், எழுத்து கிடைக்காது. வங்காளத்தில் 'ப' வரிசை எழுத்து ஒன்றின் அடியில் புள்ளி வைத்தால் அது 'ர' ஆகிவிடும். புள்ளி எவ்வளவு பெரிது என்பது யாருக்கு வேண்டும்? இருக்கிறதா, கீழே இருக்கிறதா, ஒட்டாமல் இருக்கிறதா, அவ்வளவுதான். இங்கிலாந்தின் லீட்ஸில் ரேண்டல், குய், கோன் மூவரும் 1992இல் இதை ஒரு தர்க்கமாகவே அமைத்தார்கள். விலகியிருப்பது, தொடுவது, பாதி மூடுவது, உள்ளே அடங்குவது என்று இரண்டு பரப்புகளுக்கு இடையே 8 உறவுகள், அளவே கிடையாது. ஆனால் அந்த எட்டுக்கும் வட்டமும் நட்சத்திரமும் ஒன்றுதான். அதனால்தான் குழி எங்கே, துளை எத்தனை என்று தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

சிவகாசி வாசகர்: வடிவம் தெரிந்துவிட்டால் வேலை முடிந்ததா?

இல்லை. வங்காள 4 பார்வைக்கு நம் 8. வங்காள 7 ஏறக்குறைய நம் 9. கொல்கத்தா பின்கோடு 700இல் தொடங்கும். அதை வங்காள எண்ணில் எழுதி, வடிவத்தை மட்டும் நம்பினால் 900 ஆகிவிடும். 9இல் தொடங்குவது ராணுவ அஞ்சல். பாலிகஞ்ச் மாமிக்குப் போட்ட கடிதம் பட்டாளத்துக்குப் போய்விடும்! உறையின் முகவரியைத் தானாகப் படிக்கவைக்கும் ஆய்வை இந்தியப் புள்ளியியல் கழகத்தார் செய்தபோது, வங்காள எண், நம் எண் இரண்டும் வரும் என்று வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினார்கள்.

அதே வாசகர்: தமிழில் அப்படிச் சிக்கல் உண்டா?

'ர'வும் துணைக்காலும்! பலர் கையெழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சொல்லின் முதலில் வந்தால் 'ர'தான். கால் எந்தச் சொல்லையும் தொடங்கிவைக்காது. நடுவில் வந்தால் பக்கத்து எழுத்துகளைத்தான் விசாரிக்க வேண்டும்.